கட்டிலுக்கு அடியில் இருக்கும் கட்டுகள்

சிறிய ஊர் ஒன்றில் ஆசிரியர்களாக இருக்கும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு மாத இதழ் நடத்துகிறார்கள். ஊர் வரலாறு, கதை, கவிதை என 48 பக்கம். ஒன்பது இதழ்கள் வந்துவிட்டன. தொடங்கியபோது 96 பேர் சந்தா கட்டியிருந்தார்கள். இப்போது 132 பேர். மாதம் 500 பிரதி அச்சிடுகிறார்கள். அதில் 60 பிரதி எழுதியவர்களுக்கும் நண்பர்களுக்கும் இலவசமாகப் போகிறது, 40 பிரதி கடைகளுக்குப் போகிறது. இதழுக்கு ஆறாயிரம் ரூபாய் கைக்காசு. "இவ்வளவு மெதுவாக வளரும்போது ஊக்கம் குறையாமல் எப்படி நடத்துவது?" என்பது அவர்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் கேள்வி. ஆனால் கடைசி வரியில் கணவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பழைய கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், யாருக்கும் வேண்டாத வேலையைச் செய்கிறோமோ என்று தோன்றுகிறது." உண்மையான கேள்வி இந்த வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். மெதுவாக வளர்வது, வேண்டாத வேலை என்பதற்கு அடையாளமா? இதைத்தான் நீங்கள் இருவரும் கேட்கிறீர்கள்.

நான் தஞ்சாவூரிலிருந்து 2003 முதல் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஓர் இலக்கியக் காலாண்டிதழ் நடத்தி வருகிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தேன். வணிக இதழோ செய்தி இதழோ நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. விளம்பரத்தால் இதழை வளர்ப்பது பற்றிச் சொல்லத் தகுதியும் இல்லை. முந்நூறு நானூறு பேர் படிக்கும் இதழை ஆண்டுக்கணக்கில் எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதை மட்டும் கையால் செய்து கற்றிருக்கிறேன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் கட்டுகள். நீங்கள் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 500இல் சந்தாதாரர்களுக்கு 132, இலவசம் 60, கடை 40 போனால் 268 பிரதி வீட்டில் தங்குகிறது. தொடக்கத்தில் சந்தா இன்னும் குறைவு. ஆக ஒன்பது இதழுக்குக் குறைந்தது 2,400 பிரதி உங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டு பேரும் பள்ளியில் எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு, இரவில் இதழ் வேலை பார்த்துவிட்டு, அந்தக் கட்டுகளுக்கு மேலேயே படுத்துத் தூங்குகிறீர்கள். யாருக்குத்தான் மனம் கசக்காது? உங்கள் சோர்வில் பாதி, வாசகர் குறைவாக இருப்பதால் வந்ததல்ல, பிரதி அதிகமாக இருப்பதால் வந்தது. இதை உறுதியாகவே சொல்வேன், ஏனென்றால் நானும் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறேன்.

2008இல் ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தோம். ஒரு புத்தகக் கண்காட்சியில் மேசை கிடைத்திருந்தது. அச்சகத்தார், "ஆயிரமாக அடித்தால் ஒன்றுக்கு அடக்கம் பாதியாகிவிடும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆஃப்செட்டில் தட்டு போடும் செலவும் இயந்திரம் பூட்டும் செலவும் இருநூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். கூடுவது தாளும் தையலும் மட்டுமே. அதனால் பிரதி கூடக்கூட ஒன்றின் அடக்கம் இறங்கிக்கொண்டே போகும். அந்தக் கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் அடக்கம் குறைவது விற்கும் பிரதிக்குத்தான் லாபம். நாங்கள் ஆயிரம் அடித்தோம். கண்காட்சி முடிந்த இரவு எண்ணிப் பார்த்தால் 61 பிரதி போயிருந்தது. மீதியை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அடுத்த இரண்டு இதழ்கள் வரவில்லை. பணம் இல்லாதது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. எழுத உட்காரும்போதெல்லாம் எதிரே அந்தக் கட்டுகள் இருந்தன. ஓராண்டு கழித்து ஒரு கட்டை அவிழ்த்தபோது அட்டையின் ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அன்றைக்குத்தான் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு விதி எழுதினோம்: சந்தா எண்ணிக்கை, அதோடு அறுபது. அதற்கு மேல் ஒரு பிரதிகூட அச்சிடுவதில்லை. இன்று வரை அதை மீறவில்லை.

உங்களுக்கும் ஏறக்குறைய அதையே சொல்கிறேன். பத்தாவது இதழை 220 பிரதி மட்டும் அச்சிடுங்கள். உங்கள் அச்சகத்தில் ஆஃப்செட்டுக்கும் டிஜிட்டலுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். டிஜிட்டலில் ஒரு பிரதியின் அடக்கம் கூடுதலாகத் தெரியும்; மொத்தத் தொகை குறைகிறதா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் உங்கள் பையிலிருந்து போவது மொத்தத் தொகைதான். இலவசப் பட்டியலையும் பாதியாக்குங்கள். எழுதியவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும், அதில் கைவைக்காதீர்கள். நண்பர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிலர் சந்தா கட்டுவார்கள், பலர் இதழ் வராததைக் கவனிக்கவே மாட்டார்கள். அது கொஞ்சம் வலிக்கும். ஆனால் யார் படிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். பழைய பிரதிகளில் இதழுக்கு முப்பது எடுத்து வையுங்கள், ஆண்டு முடிந்ததும் பன்னிரண்டையும் சேர்த்துக் கெட்டி அட்டை பைண்டிங் செய்து ஆண்டுத் தொகுப்பாக விற்கலாம். புதிதாக வரும் வாசகர் முந்தைய இதழ்களைக் கண்டிப்பாகக் கேட்பார். மற்றவற்றைக் கிளை நூலகங்களுக்கும் பள்ளி நூலகங்களுக்கும், மாலையில் ஆட்கள் வந்து உட்காரும் தேநீர்க் கடைகளுக்கும் சந்தாப் படிவம் வைத்துக் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்துவிடுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. ஒன்பது மாதத்தில் 36 பேர் கூடியிருக்கிறார்கள், அதாவது மாதத்துக்கு நான்கு பேர். இது குறைவு என்று நினைக்கிறீர்கள். தொடக்கத்தில் இருந்த 96 பேர் யார் என்று ஒருமுறை பட்டியலைப் பாருங்கள். உடன் வேலை செய்பவர்கள், உறவினர்கள், உங்கள் முகத்துக்காகப் பணம் கொடுத்தவர்கள். அவர்களை வைத்து இதழுக்கு வரவேற்பு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பிறகு வந்த 36 பேரில் உங்களுக்கு முகம் தெரியாதவர்கள் எத்தனை பேர்? அந்த எண்தான் இதழின் எண். அது இருபதாக இருந்தாலும் நான் மகிழ்வேன். ஒவ்வொரு புதிய சந்தா வரும்போதும் "இதழை எங்கே பார்த்தீர்கள்?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள், பதிலைச் சந்தா நோட்டிலேயே குறித்து வையுங்கள். எங்கள் நோட்டில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருக்கும்: இன்னார் கையில் பார்த்தேன், இன்னார் கொடுத்தார். கடையில் பார்த்து வந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் கடைகளுக்கு அனுப்புவதை நாங்கள் சுருக்கிக்கொண்டோம். கடைக்காரரின் கழிவு போக மீதியை வசூலிக்க அலையும் நேரத்தில் இரண்டு கட்டுரைகளைத் திருத்திவிடலாம்.

பன்னிரண்டாவது இதழ்தான் உங்களுக்கு உண்மையான தேர்வு. அப்போது முதல் 96 பேரின் சந்தா முடியும். பதினோராவது இதழிலேயே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள், பன்னிரண்டு வந்ததும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள், அதற்கு மேல் கேட்காதீர்கள். எங்கள் முதல் ஆண்டு முடிவில் 110 பேரில் 58 பேர்தான் புதுப்பித்தார்கள். மூன்று பேரும் இடிந்து போனோம். ஆனால் அந்த 58 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்து ஆண்டு தாண்டியும் எங்களோடு இருந்தார்கள், இன்றும் சிலர் இருக்கிறார்கள். விட்டுப் போனவர்கள் எங்களுக்காக வந்தவர்கள், தங்கியவர்கள் இதழுக்காக வந்தவர்கள். உங்கள் எண்ணிக்கையும் பதின்மூன்றாவது இதழில் கீழே இறங்கும் என்றே நினைக்கிறேன். இறங்கும்போது பயந்துவிடாதீர்கள் என்பதற்காக இப்போதே சொல்லி வைக்கிறேன். எத்தனை பேர் தங்கினால் நல்லது என்று விகிதம் கேட்காதீர்கள். இதழுக்கு இதழ் அது மாறும், என் ஊர்க் கணக்கு உங்கள் ஊருக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை.

இந்தப் பேச்சு வந்தாலே நம்மில் பலர் பழைய சிற்றிதழ்களை எடுத்துக்காட்டி ஆறுதல் சொல்வார்கள். நானும் அவற்றை மதிப்பவன்தான். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் சென்னையிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கினார். விற்பனையில் அது ஒருபோதும் பெரிய இதழாக இருந்ததில்லை. ஆனால் தமிழில் புதுக்கவிதை காலூன்றியது அங்கேதான். திருகோணமலையில் இருந்த ஓர் இளைஞரின் எழுத்து, பிற்காலத்தில் பிரமிள் என்று நாம் அறிந்தவரின் எழுத்து, அதன் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. மாத இதழாக இருந்தது பின்னாளில் காலாண்டிதழாகி, 1970இல் நின்றது. செல்லப்பா தாம் பதிப்பித்த புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். கடலுக்கு அப்பால், 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கினார். அவர் முடிதிருத்தும் தொழில் செய்தவர். இதழும் தொடக்கத்தில் அந்தச் சலூனிலிருந்தே நடந்தது. பிரதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் நேரில் விற்றார். போர் வந்தது, யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. இதழ் 2012 வரை, நானூறு இதழ்களைத் தாண்டி வந்தது. அட்டையில் எழுத்தாளர்கள், கலைஞர்கள் படத்தைப் போட்டு, உள்ளே அவர்களைப் பற்றி எழுத வைப்பது அதன் வழக்கம். ஈழத்தின் பல எழுத்தாளர்களுக்கு அந்த அட்டை ஒரு பெரிய மரியாதையாக இருந்தது.

இவற்றைச் சொன்னேன். ஆனால் இவற்றிலிருந்து தவறான பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். 'எழுத்து' மெதுவாக வளர்ந்தது, வரலாற்றில் நின்றது. எங்கள் இதழும் மெதுவாக வளர்கிறது, ஆகவே அதுவும் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதே ஆண்டுகளில் தொடங்கி மூன்றாவது இதழோடு நின்ற இதழ்கள் எத்தனையோ. அவற்றின் பெயரை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. எண்ணிக்கை குறைவாக இருப்பது தரத்துக்குச் சான்றும் ஆகாது, தரக்குறைவுக்குச் சான்றும் ஆகாது. இந்த இரண்டு பேரிடமிருந்தும் நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: இதழை வாசகர் கையில் தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கும்போது எதிரே ஒரு முகம் இருக்கிறது. வாங்க மறுத்தாலும் அது முகம்தான். சந்தா நோட்டில் எண்ணாக மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அந்த முகம் கிடைப்பதில்லை. வாரத்தில் ஒரு மாலை, ஐந்து பிரதியை எடுத்துக்கொண்டு நீங்கள் இருவரும் வெளியே போய் வாருங்கள். விற்பனைக்காக என்று நினைக்க வேண்டாம்.

ஊக்கம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டால் ஓர் அஞ்சலட்டையைத்தான் காட்டுவேன். 2005இல், எங்கள் ஆறாவது இதழ் வந்து பத்து நாள் கழித்து, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. ஐம்பது காசு அட்டை. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். வாழ்த்து, வணக்கம் எதுவும் இல்லை. பொடி எழுத்தில் இப்படி இருந்தது: "பக். 17, வரி 9: 'சுவற்றில்' அன்று, 'சுவரில்'. பக். 31, வரி 22: 'முயற்சித்தார்' அன்று, 'முயன்றார்'. பக். 40, வரி 3: 'ஓர் கிணறு' அன்று, 'ஒரு கிணறு'." இப்படிப் பதினான்கு. ஆறு ஆண்டு மெய்ப்புப் பார்த்தவன் கண்ணில் படாத பதினான்கு பிழை. படித்ததும் முகம் சூடாகிவிட்டது. அட்டையைத் திருப்பினால், முகவரிக்குப் பக்கத்தில் மீந்திருந்த இடத்தில் ஒரு வரி: "கிணற்றுக் கதையில் கமலை இறைப்பது சரியாக வந்திருக்கிறது. வால் கயிற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்."

கமலை என்பது மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் முறை. கதையை எழுதியவருக்கு அந்த அட்டையைக் காட்டினேன். அவருக்கும் வால் கயிறு பற்றித் தெரியவில்லை. பெரியவருக்குப் பதில் எழுதிக் கேட்டேன். அடுத்தடுத்து மூன்று அட்டைகளில் பதில் வந்தது. நீர் மொள்ளும் சால் மேலே வரும்போது அதன் தோல் வாயான தும்பியை மடக்கிப் பிடித்திருப்பது வால் கயிறு, சாலைத் தூக்குவது வடம், மாடு சரிவில் இறங்கி இழுக்கும்போது இறைப்பவர் வடத்தின் மேல் உட்கார்ந்து வருவது, கமலைப் பாட்டில் சாலின் எண்ணிக்கையை வைத்துக்கொள்வது. அவர் தந்தை இறைத்தவர். இவர் சிறுவனாக மடையில் நின்று தண்ணீர் கட்டியவர். அந்த அட்டைகளைச் சேர்த்து, அவர் நடையை மாற்றாமல், எட்டாவது இதழில் நான்கு பக்கமாகப் போட்டோம். அந்தக் காலாண்டில் 19 புதிய சந்தா வந்தது. அந்தக் கட்டுரையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதே சமயம் ஒரு நாளிதழின் இணைப்பில் எங்கள் இதழைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் என்னை எழுந்து உட்கார வைத்தது அந்த 19 பேர் அல்ல. இதழ் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வரியையும் பெரியவரின் கண்ணால் படித்தேன். எங்கோ ஒருவர் பக்கத்தையும் வரியையும் எண்ணிக்கொண்டு படிக்கிறார் என்று தெரிந்த பிறகு, வேலையை ஏனோதானோ என்று செய்ய முடியவில்லை. பதினான்கு ஒன்பதாயிற்று, ஒன்பது நான்காயிற்று. மூன்று ஆண்டு கழித்து வந்த ஓர் அட்டையில் இதழின் பெயரும் மாதமும் எழுதி, கீழே "இம்முறை ஒன்றும் இல்லை" என்று மட்டும் இருந்தது. அது இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

உங்களுக்கு வந்திருக்கும் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். பாராட்டுக் கடிதத்தைச் சொல்லவில்லை. "இதழ் மிகச் சிறப்பு, தொடர்க" என்பது படிக்காமலும் எழுதலாம். ஏதோ ஒரு விவரத்தைத் திருத்தியவர், மறுத்தவர், "எங்கள் ஊரில் அதை வேறு மாதிரி சொல்வோம்" என்றவர் யார்? அப்படி ஒருவர், இருவர் இருந்தால் அவர்களுக்கு உடனே பதில் எழுதுங்கள், அவர்களிடமே எழுத்து வாங்குங்கள். வட்டார வரலாறு உங்கள் களம் என்பதால் உங்களுக்கு இது எங்களைவிட எளிது. ஏரியின் மதகுக்கு, களத்துமேட்டுக்கு, தேர்முட்டிக்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு கதை தெரிந்தவர் இருக்கிறார். ஒன்பது இதழிலும் அப்படி ஒரு கடிதம்கூட வரவில்லை என்றால், அதுதான் கவலைப்பட வேண்டிய செய்தி. 132 என்ற எண் அல்ல.

வேலைப் பளு பற்றியும் சொல்லியாக வேண்டும். மனம் சோர்ந்துவிட்டது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உடல் சோர்வு. இரண்டு பேர், முழுநேரப் பள்ளி வேலை, மாதம் 48 பக்கம் என்பது மிகக் கடுமை. தேர்வுத்தாள் திருத்தும் மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ காலாண்டுக்கு ஒரு முறையோ மாற்றிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. சந்தாதாரர்களுக்குப் பன்னிரண்டு இதழ் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பன்னிரண்டையும் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுச் சந்தாவிலிருந்து மாற்றுங்கள். எந்த இடைவெளி வைத்தாலும் தேதி தவறக் கூடாது. எங்கள் இதழ் அந்தந்தக் காலாண்டின் முதல் மாதம் பத்தாம் தேதி தபாலில் சேரும். அதற்காக அடுத்த இதழின் பாதிப் பக்கங்களை எப்போதும் கையில் வைத்திருப்போம். வாசகர் பெருகுவது நம் கையில் இல்லை. பத்தாம் தேதி நம் கையில் இருக்கிறது. தேதி தவறாமல் நான்கு இதழ் வந்துவிட்டால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் நிமிர்ந்து நிற்கும் ஒரு தெம்பு வரும். இதை நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாக உணர்ந்திருக்கிறோம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒன்பது இதழுக்கு 54,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். ஆண்டுக்கு எவ்வளவு இழக்கத் தயார் என்று இருவரும் பேசி ஒரு தொகையை முடிவு செய்து, அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மாதாமாதம் வீட்டுச் செலவிலிருந்து எடுத்தால், ஒவ்வொரு இதழும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தோடு போட்டி போடும். அந்தப் போட்டியில் இதழ் தோற்க வேண்டும், தோற்கும்; ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மனக்கசப்பு வீட்டில் தங்கிவிடும். பற்றாக்குறையை ஈடுகட்ட 3,000 ரூபாய் ஆயுள் சந்தா வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயுள் சந்தா வருமானம் போலத் தெரியும் கடன். வாங்கிய பணம் இரண்டு இதழில் தீர்ந்துவிடும், அனுப்ப வேண்டிய கடமை உங்கள் ஆயுள் முழுதும் இருக்கும். எண்ணிக்கை மெதுவாக வளரும் இதழை அது உள்ளிருந்தே அழுத்திக் கொல்லும். நன்கொடை கொடுக்க விரும்புகிறவர்களிடம் நன்கொடை என்றே வாங்குங்கள்.

அரசிடம் இதழைப் பதிவு செய்வது பற்றிச் சுருக்கமாக. "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று போட்டு நம்மில் பலர் நடத்தி வந்திருக்கிறோம். விலை வைத்து வெளியே விற்கிற இதழுக்குப் பதிவு தேவை. 1867ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது; விண்ணப்பம் இணையத்திலேயே செய்யலாம். பதிவு இருந்தால் தபாலில் சலுகைக் கட்டணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். நான் வழக்குரைஞர் அல்ல. உங்கள் இதழுக்கு எது பொருந்தும் என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. இதழ் பெருகுமா என்றால், சொல்ல முடியாது. நல்ல எழுத்து வந்த இதழ்கள் முந்நூறிலேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன்; எனக்குச் சாதாரணமாகப் பட்ட ஓர் இதழ் சட்டென்று வளர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் தேடிப் பார்த்தேன், கையில் சிக்கவில்லை. அட்டையை வண்ணமாக்கினால் விற்குமா? நாங்கள் நான்கு இதழ் செய்து பார்த்தோம். சந்தாவில் வேறுபாடு தெரியவில்லை, செலவில் தெரிந்தது. பெயர்பெற்ற எழுத்தாளரிடம் கதை வாங்கிப் போட்டால் அந்த ஓர் இதழ் கூடுதலாகப் போகும். வந்தவர்கள் தங்குவார்களா என்பது அவர்களுக்கு மற்ற பக்கங்கள் பிடிப்பதைப் பொறுத்தது. எங்கள் எண்ணிக்கை 22 ஆண்டுகளில் 400ஐ இரண்டு முறைதான் தொட்டது. இப்போது 340. இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. நாங்கள் தாங்கக்கூடிய அளவும் அதுதான். மூன்று பேர் ஓர் இரவில் உறையிட்டு முகவரி ஒட்டி முடிக்க முடிகிறது.

கடைசியாக, நிறுத்துவது பற்றி. இதைக் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 24ஆவது இதழ் வரை நடத்துவது, அன்றைக்கு உட்கார்ந்து பேசுவது என்று இப்போதே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை மாதந்தோறும் "தொடரலாமா" என்று பேச வேண்டாம். அந்தப் பேச்சுதான் உங்கள் இரவுகளைத் தின்கிறது. 24இல் இருவரில் ஒருவருக்கு மனம் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கடைசி இதழில் அறிவித்து, மிச்சச் சந்தாவை ஒவ்வொருவருக்கும் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்புங்கள். அப்படி நிறுத்திய ஓர் இதழின் ஆசிரியரிடமிருந்து எனக்கு 85 ரூபாய் மணியார்டர் வந்தது. அந்த இதழின் மீது அதுவரை இருந்த மதிப்பு அன்று இரட்டிப்பானது.

தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் ஒன்றை இந்த வாரமே செய்யுங்கள். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி பிரதி பெறும் நான்கு நூலகங்களில் சென்னைக் கன்னிமாரா பொது நூலகமும் ஒன்று. அங்கே ஒரு தொகுதி அனுப்புங்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் எழுதி, பெற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். கோட்டையூரில் தனி ஒருவர் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தான் அந்த நூலகத்துக்கு அடித்தளம். எப்போதோ நின்றுபோன எத்தனையோ சிறு இதழ்களை இன்றும் ஆய்வாளர்கள் அங்கே போய்ப் புரட்டுகிறார்கள். உங்கள் ஊர் ஏரியைப் பற்றி, உங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றி நீங்கள் எழுதிய ஒன்பது இதழும் அங்கே இருக்கட்டும். புதிதாக அச்சிட வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்து எடுத்தால் போதும்.